மிஸி கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருந்தவரை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயர் கீழே தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது. அந்தப் பெயரை ஒருவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரொறன்ரோவில் அவர் மிஸி வேலை பார்க்கவுமில்லை. ஊர்ப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வோபர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தும் வேலை செய்தார். விடியப் போனால் பின்னேரம் மூன்றரைக்கு வருவார். நாலு மணிக்குப் பிறகு கதவைத் தட்டலாம். அதற்கு முதல் தட்டினால் திறக்கமாட்டார். கால் இரண்டையும் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது குழப்பத்தோடு வந்தவர்களாக இருப்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது, அகதி வழக்கில் தோற்றபின் மேன்முறையீடு செய்வதா, மாமியாரைக் கூப்பிடுவதா விடுவதா என்று எல்லாம் அந்தச் சமையலறை மேசைக்கு வரும். மிஸி புத்தி சொல்லமாட்டார். தமிழ்க் கடைக் கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து வைத்திருப்பார். வெறும் பின்பக்கத்தில் எழுதுவதற்காக அதைத் திருப்பிப் போடுவார். முன்பக்கத்து முருகனோ மாதாவோ மேசையில் முகம் குப்புறக் கிடப்பார்கள்.

"சாமி பாத்துக்கொண்டிருந்தால் ஆக்கள் பொய் சொல்லுவினம். குப்புறக் கிடக்கட்டும்" என்பார். பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, "கேள்வி என்ன?" என்று கேட்பார்.

நான் முதல்முதல் போனது வேலை விஷயமாக. ஆறாம் மாடியில் வேறு மூன்று பேரோடு இருந்துகொண்டு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். ஒஷாவாவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பதாக அறிந்து, இரண்டு நாள் நித்திரையில்லாமல் யோசித்துவிட்டுப் போனேன்.

"ஒஷாவாவுக்குப் போறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை மிஸி."

"உது கேள்வி இல்லைத் தம்பி. உது பூவா தலையா. அஞ்சு வரியம் கழிச்சு நீர் எங்கை நிக்க விரும்பிறீர்? அதைச் சொல்லும்."

அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், கையால் ஏதாவது பழுது பார்க்கிற தொழில் வேண்டும் என்றேன். ஊரில் தண்ணீர் பம்புகளைக் கழற்றிப் பூட்டுவேன். மிஸி அதை மேலே எழுதினார். அதற்குக் கீழே வழிகள். நான் இரண்டைச் சொன்னேன்.

"இரண்டு வழி எண்டால் மனசுக்குள்ளை சண்டைதான் நடக்கும். மூண்டாவது ஒண்டு கிடைச்சால்தான் யோசனை துவங்கும்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. பின்னேர வகுப்பில் வீட்டுச் சூடாக்கி பழுதுபார்க்கப் படிக்கலாம் என்று யாரோ பஸ்ஸில் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வழிகளுக்குப் பிறகு, எது கட்டாயம் வேண்டும், எது இருந்தால் நல்லம் என்று பிரிப்பார். பிறகு, எங்களுக்கு என்ன தெரியாது, அதை யாரிடம் கேட்கலாம். பிறகு ஒவ்வொரு வழியும் பிழைத்து, சரிவராமல் போனால் என்ன செய்வது. எழுதி முடித்ததும் தாளைக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒரு கிழமைக்கு, சரியாக ஏழு நாளைக்கு, ஒட்டி வைப்பார். அந்தக் கிழமைக்குள் கேட்க வேண்டியவர்களைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். வந்ததும் முடிவு. ஏன் அந்த முடிவு என்று அடியில் இரண்டு வரி எழுதி நாங்கள் கையெழுத்து வைக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து அவரே கூப்பிடுவார். "தம்பி, உம்மடை பேப்பர் பாக்கிற நாள்."

நான் சூடாக்கி படித்தேன். அந்தத் தொழில்தான் இன்றுவரை சோறு போடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். ஊரில் அவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்தவர். வயிற்றைத் தைத்து மூட முதல், உள்ளே வைத்த துணித்துண்டுகளை எண்ணுவது அவருடைய பொறுப்பு. ஒருநாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பெரிய டொக்டர் களைத்துப்போயிருந்தார். உள்ளே ஒன்றுமில்லை, தான் பார்த்துவிட்டேன், தையலுக்கு நூலை எடு என்று சத்தம் போட்டார். மிஸி நூலைக் கொடுக்கவில்லை. "ஒண்டு குறையுது சேர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாராம். கால்மணித்தியாலம் தேடினார்கள். துணி வாளிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பாத்தியோ, நான் சொன்னனான்தானே எண்டு டொக்டர் பேசினார்" என்று சிரித்தார் மிஸி.

"அவர் சொன்னது சரிதானே?"

"சரியாய் வந்தது. அவ்வளவுதான். நூலைக் குடுத்திருந்தாலும் நோயாளி பிழைச்சிருப்பான். எண்டாலும் குடுத்திருந்தால் அது பிழை. நல்ல முடிவும் நல்லா முடியிறதும் ஒண்டில்லைத் தம்பி."

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பெண், புருஷனை விட்டுப் போகும் எண்ணத்தோடு அழுதுகொண்டு வந்தாள். மிஸி கண்ணீர் துடைக்கக் கடதாசி கொடுத்தார். அவள் மூக்குச் சீறி முடிய, "கேள்வி என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவள் எழும்பிவிட்டாள். "உங்களுக்கு நெஞ்செண்டு ஒண்டு இல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். நான் அப்போது அங்கே கதிரைக்கால் ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். மிஸி கூராக்கிய பென்சிலை இன்னொருமுறை கூராக்கினார்.

"நெஞ்சு இருக்கிறபடியால்தான் பேப்பர் வேணும்" என்றார். அதை எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இனி என் தங்கச்சியின் கதை.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுடைய புருஷனைக் கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் திரும்பி வரவில்லை. தங்கச்சி ஐந்து வயது மகளோடு ஒரு லொட்ஜில் தனியே இருந்தாள். வீதியில் நடந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். இரவில் லொட்ஜுக்குள் வந்து தட்டுவார்கள். நான் கிழமைக்கு இரண்டுமுறை லொட்ஜ் முதலாளியின் தொலைபேசிக்கு எடுப்பேன். அவள் அதிகம் கதைப்பதில்லை. "இருக்கிறம் அண்ணா" என்பாள்.

என்னுடைய மச்சான் ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார். பெரியம்மாவின் மருமகன். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற ஓர் ஏஜென்சிக்காரனை அவருக்குத் தெரியும். அந்த லொட்ஜில் இருந்தே ஒரு கூட்டம் வெளிக்கிடுகிறது, அதோடு தங்கச்சியையும் பிள்ளையையும் ஏற்றிவிடுவோம் என்றார். நான் மச்சானையும் கூட்டிக்கொண்டு மிஸியிடம் போனேன்.

மிஸி தாளைத் திருப்பினார். மேலே, "தங்கச்சியையும் பிள்ளையையும் எப்படிக் கனடாவுக்குக் கொண்டு வாறது?" என்று எழுதினார். அது நான் சொன்ன கேள்வி.

மூன்று வழிகள் வந்தன. ஏஜென்சிக்காரன். கொழும்பிலேயே இருந்துகொண்டு விசாவுக்கு முயற்சி செய்வது. இந்தியாவுக்குப் போய்ச் சென்னையில் இருந்தால் இங்கே உள்ள ஒரு தேவாலயக் குழு பொறுப்பெடுத்துக் கூப்பிடுவது. அந்தக் கிழமை முழுவதும் ஓடித் திரிந்தேன். ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். தேவாலயத்தில் அந்த வேலை பார்த்த அம்மாவைக் கேட்டேன். சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தேடிப்போய்க் கேட்டேன். ஏஜென்சிக்காரன் கூட்டி வந்த ஒருவனையும் கேட்டேன். அவன் எட்டு மாதம் ஏதோ ஒரு நாட்டில் பூட்டிய அறைக்குள் இருந்துவிட்டு வந்தவன்.

"பிழைச்சால் என்ன செய்வம்?" என்ற இடத்துக்கு வந்தபோது ஏஜென்சிக்காரனுக்கு நேரே எழுத எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நடுவழியில் ஒரு பொம்பிளையும் குழந்தையும் அகப்பட்டால் நாங்கள் இங்கேயிருந்து என்ன செய்வது? கொழும்பில் அவளையும் பிடித்துக்கொண்டு போனால் அதற்கும் பதில் இல்லை. சென்னைக்கு நேரே, "காத்திருக்க வேணும். ஆனால் உயிரோடை இருப்பினம்" என்று மிஸி எழுதினார்.

மச்சானுக்குக் கோபம். "மனிசரை எழுதிப் பாத்தோ எடுக்கிறது? பதினைஞ்சு நாளிலை வந்திடுவினம் எண்டு சொல்லுறன்."

"வரலாம். வராமலும் விடலாம்" என்றார் மிஸி.

நான் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கே லொட்ஜுக்கு எடுத்து, சென்னைக்கு ஆயத்தப்படச் சொன்னேன். எப்போது வெளிக்கிடவேண்டும் என்று கேட்டாள். பிறகு, "சரி அண்ணா" என்றாள்.

லொட்ஜில் இருந்து வெளிக்கிட்ட கூட்டம் ஒரு மாதத்துக்குள் ரொறன்ரோவில் வந்து இறங்கியது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்தார்கள். அதில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் கட்டடத்துக்கே வந்தார்கள். லிஃப்டில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் மாடி இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

தங்கச்சி சென்னையில் ஓர் அறையில் இருந்தாள். ஒரு வருஷம் போனது. நேர்காணலுக்கு நாள் வரவில்லை. இரண்டாவது வருஷம் நேர்காணல் முடிந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது வருஷம், எடுத்த மருத்துவப் பரிசோதனை காலாவதியாகி மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். நான் தொலைபேசி எடுத்தால் அவளுடைய மகள், என் மருமகள்தான் வருவாள். "அம்மா குளிக்கிறா" என்பாள். அடுத்தமுறை எடுத்தால், "அம்மா படுத்திட்டா." ஒருநாள் அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தங்கச்சியின் குரல் கேட்டது. "அவையளோடை எனக்குக் கதை இல்லையெண்டு சொல்லு."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. நாலு மணிவரை காத்திருந்துவிட்டு எட்டாம் மாடிக்குப் போனேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"உங்கடை பேப்பராலை வந்த வினை மிஸி. மச்சான் சொன்னபடி செய்திருந்தால் அவள் இப்ப இஞ்சை. பிள்ளை இஞ்சை பள்ளிக்கூடம் போகும். மூண்டு வரியம்! நீங்கள் எழுதின எழுத்தாலை மூண்டு வரியம் போச்சு."

அவர் என்னை மறித்துக் கதைக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தார். "இரும்" என்றார். நான் கதிரையில் இருக்கவில்லை. அவர் முதலாவது வரியிலிருந்து விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனார்.

நல்ல முடிவும் நல்லாய் முடிவதும் ஒன்றில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் அந்தத் தாளைக் கிழிப்பதென்று நின்றேன். ஆனால் அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. "ஆரைக் கேக்கலாம்" என்று எழுதிய இடம். கீழே வழக்கறிஞர், தேவாலயத்து அம்மா, சென்னைக் குடும்பம், பூட்டிய அறையில் இருந்த பெடியன் என்று வரிசையாக இருந்தது. மிஸி கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உம்மடை தங்கச்சியைக் கேட்டனாங்களோ?"

"அவள் சரியெண்டு சொன்னவள்தானே."

"அது நாங்கள் முடிவெடுத்தாப் பிறகு சொன்ன சரி. நான் அதைக் கேக்கேல்லை."

நான் கதிரையை இழுத்து இருந்தேன். கீழே பனி அள்ளும் வண்டி ஒன்று கார்த் தரிப்பிடத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது.

"ஒப்பரேசன் தியேட்டரிலை ஆள் மயக்கத்திலை கிடக்கும்" என்றார் கடைசியில். "கேக்க ஏலாது. நாங்கள்தான் எல்லாம் யோசிச்சு எண்ணிப் பாக்க வேணும். அந்தப் பழக்கத்திலை உம்மடை தங்கச்சியையும் மயக்கத்திலை கிடத்திப் போட்டன்."

அவருடைய குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸி தானே சென்னைக்கு எடுத்தார். நேர வித்தியாசம் பார்த்துக் காலை எட்டு மணிக்கு. மருமகளிடம், "அம்மாவிட்டைச் சொல்லு, அந்தப் பேப்பர் எழுதின ஆள் மன்னிப்புக் கேக்க எடுக்கிறா எண்டு" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது. "ஓம் பிள்ளை." ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஓம். பேசும். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்." தொலைபேசி அட்டையில் நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. மிஸி இன்னோர் அட்டையைச் சுரண்டி மறுபடியும் எடுத்தார்.

வைத்துவிட்டு எனக்குச் சொன்னார். தங்கச்சிக்கு அப்போது ஏஜென்சியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். கொழும்பிலேயே நிற்க விரும்பியிருக்கிறாள். புருஷனைத் தேட. எந்த முகாம், எந்தச் சிறை என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஒருவன் இரண்டு கிழமையில் தகவல் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குள் நான் சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

"அந்த ஆள் சொல்லியிருப்பானோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார் மிஸி. "எண்டாலும் எங்கடை பேப்பரிலை அவளின்ரை புருஷன் ஒரு வரியிலும் இல்லைத் தம்பி. நாங்கள் எழுதின கேள்வியே அவளின்ரை கேள்வி இல்லை."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மிஸி சென்னைக்கு எடுத்தார். புதிதாக ஒரு தாள் தொடங்கியது. தங்கச்சி சொல்லச் சொல்ல மிஸி எழுதினார். கடைசியாக அவனைக் கண்டது யார், எந்த உடுப்போடு நின்றான், எந்த வாகனம், யாரைக் கேட்டாயிற்று, யாரை இன்னும் கேட்கவில்லை. அதை வைத்துக் கடிதங்கள் எழுதினார்கள். இங்கிலீசில் மிஸி எழுதி வாசித்துக் காட்டுவார். தங்கச்சி ஓம் என்ற பிறகுதான் தபாலில் போகும். பதில்கள் வந்தன. எல்லாவற்றிலும் அப்படி ஒருவர் பற்றிய பதிவு இல்லை என்றே இருந்தது. இனிப் போதும் என்று மிஸி சொல்லவில்லை. எழுதுவோம் என்றும் சொல்லவில்லை. "அடுத்தது என்ன செய்யிறது பிள்ளை?" என்று மட்டும் கேட்பார். சில ஞாயிறுகளில் அவர்கள் கடிதத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மருமகளின் பல் விழுந்ததைப் பற்றிக் கதைத்தார்கள்.

எட்டாம் மாடிக்குப் போனவர்கள் அதற்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். மிஸி முதலில், முடிவு யாருடையது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்: "இது ஆற்றை முடிவு?" மகளை மருந்தாளர் படிப்புக்கு விடுவதா கணக்கியலுக்கு விடுவதா என்று வந்த ஒரு தகப்பனிடமும் அதைத்தான் கேட்டார். "என்ரை முடிவுதான்" என்றார் அவர். "அப்ப படிக்கப்போறது நீங்களோ? போய் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அவர் கூட்டிக்கொண்டு வரவில்லை. இரண்டு நாள் கழித்து மகள் தனியே வந்தாள். மூன்றாம் மாடிப் பெண்ணிடம் மிஸி தானே இறங்கிப் போனார். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது.

தங்கச்சியும் பிள்ளையும் ஒரு வசந்த காலத்தில் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்கு எட்டு வயது முடிந்திருந்தது. நான் அதற்குள் ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம் நகரில் ஒரு வீடு வாங்கி, மேல்மாடியில் இரண்டு அறைகளுக்கு வர்ணம் அடித்து, ஜன்னல் சீலை போட்டு, கட்டில் வாங்கி வைத்திருந்தேன். செய்த பிழைக்கு அந்த வீடு ஒரு பரிகாரம் என்று எனக்குள் ஓர் எண்ணம். விமான நிலையத்தில் தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்தாள். அருகில் நின்ற மிஸியைக் குனிந்து பார்த்து, "நீங்கள் இவ்வளவு கட்டை எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள். இரண்டு பேரும் சிரித்து, பிறகு அழுதார்கள்.

ஒரு மாதம் என்னோடு இருந்தாள். பிறகு, எங்கள் பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் ஓர் இடம் காலியாகிறது, அங்கே போகப்போகிறேன் என்றாள்.

நான் மிஸியிடம் ஓடினேன். "நீங்கள் சொல்லித்தானே போறாள்?"

"என்னை அவ கேக்கவே இல்லைத் தம்பி. எனக்கு நீர் சொல்லித்தான் தெரியும்."

தங்கச்சியிடம் திரும்பி வந்து கேட்டேன். உனக்கு இங்கே என்ன குறை என்றேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லை அண்ணா. உங்கடை வீடு நல்ல வடிவு. ஆனால் இஞ்சை கார் இல்லாமல் ஒரு இடமும் போக ஏலாது. கடிதத்துக்கு ஒரு முத்திரை வாங்கிறதுக்கும் நான் உங்களைத்தான் கேக்க வேணும். அங்கை வாசலிலை பஸ் வருது."

எனக்கு நொந்தது. அந்த நோவு போக நாள் எடுத்தது. ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை வேலைக்கு ஓட்டும் வேனைக் கொண்டுவந்து அவளுடைய சாமான்களை ஏற்றினேன். மிஸி லிஃப்ட் கதவு மூடாமல் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் தலையணைகளைச் சுமந்துகொண்டு ஓடித் திரிந்தாள். ஐந்தாம் மாடியில் ஒரு படுக்கையறைதான். மச்சானும் நானும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

"எங்கை வைக்கிறது?" என்று மச்சான் கேட்டார்.

தங்கச்சி அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "ஜன்னலோடை" என்றாள்.

அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களை எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் இடுக்குகளால் குளிர் காற்று கத்திபோல வரும். சூடாக்கி மற்றச் சுவரில் இருந்தது. பிள்ளையோடு படுக்கிற கட்டில், அந்தச் சுவர்ப்பக்கம் வைப்பதுதான் புத்தி. எனக்கு அது தொழில். சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற மிஸி என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து, ஜன்னலுக்குக் கொண்டுபோக என் பக்கத்துக் கட்டில்காலைத் தூக்கினேன்.